‘பாவு’ தொடரைப் பார்க்க ஆள் தேடிய ஒன்றரை வருஷம்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தின் கதையை ஆறு பகுதிகளாக எடுத்தோம். வாங்கிய அட்வான்ஸ் தீராததால் ஒரே பட்டறையில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி கதை. நான் எழுதி இயக்கினேன், நண்பர்கள் நாலு பேர் பணம் போட்டார்கள். செலவு 3 லட்சத்து 40 ஆயிரம். தொடருக்குப் பெயர் ‘பாவு’, தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். 2022 அக்டோபரில் முதல் பகுதியை யூடியூபில் ஏற்றினோம். முதல் வாரம் 1,100 பேர் பார்த்தார்கள். இரண்டாம் பகுதிக்கு 430 பேர். ஆறாம் பகுதி வெளியான வாரம் 96 பேர்தான், அதிலும் பாதிப் பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

அந்த வருஷம் ஜூனில்தான் ‘சுழல்’ என்கிற தமிழ்த் தொடர் அமேசான் பிரைமில் 30க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருந்தது. தமிழ்த் தொடர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். நானும் நம்பினேன். ஒரு ஓடிடி அலுவலகத்தில் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினோம். ‘முகம் தெரிந்த நடிகர் யாராவது இருந்தால் பேசலாம்’ என்றார்கள். எங்களிடம் அப்படி யாரும் இல்லை.

எனக்கு உண்மையான நம்பிக்கை கொடுத்தது ‘அம்முச்சி’ என்கிற கொங்குப் பேச்சுத் தொடர். நக்கலைட்ஸ் சேனல்காரர்கள் அதை யூடியூபிலேயே வெளியிட்டார்கள், 2022இல் அதன் இரண்டாம் பருவம் ஆஹா ஓடிடிக்குப் போனது. எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு ஆள் இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்து முடிவு செய்தேன். ஆனால் அவர்கள் சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டு ஆளைச் சேர்த்த பிறகுதான் தொடர் எடுத்தார்கள். நாங்கள் தொடரை எடுத்து முடித்துவிட்டு ஆளைத் தேடப் போனோம். இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேனலின் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்துவைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். முகப்புப் படம் கண்ணில் பட்ட நூறு பேரில் இரண்டு பேர்கூட அழுத்தவில்லை, 1.8 சதவீதம். பாதிச் சேனல்களுக்கு இது 2லிருந்து 10 சதவீதம்வரை இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. அப்படியானால் பலர் கதையைப் பிடிக்காமல் போகவில்லை, கதைக்குள் வரவே இல்லை. ‘பாவு – பகுதி 4’ என்று தலைப்பு வைத்தால் புதிதாக வருபவருக்கு என்ன தோன்றும்? முன்னால் மூன்று இருக்கிறது, நாம் தாமதமாக வந்துவிட்டோம் என்றுதான். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக நிற்கும் ஒரு தலைப்பு வைத்தோம். நாலாவதற்கு ‘அட்வான்ஸ் தீராம ஊருக்குப் போக முடியாதா?’ என்று மாற்றி, பகுதி எண்ணைக் கடைசியில் சேர்த்தோம்.

அழுத்தி உள்ளே வந்தவர்களும் நிற்கவில்லை. எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு, முதல் பகுதியில் முதல் ஐம்பது நொடியிலேயே சரிந்து கிடந்தது. அந்த ஐம்பது நொடியும் காவிரிப் பாலத்தின் மேலே எடுத்த டிரோன் காட்சி. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. வெட்டுவதற்கு மனசே வரவில்லை, ஆனாலும் வெட்டினோம். வெட்டியதைப் புதிதாக ஏற்றினோம், பழைய 1,100 பார்வையும் போனது. இப்போது கதை பட்டறைக்குள், கணக்கு நோட்டுடன் தொடங்குகிறது.

இன்னொரு பகுதியில், படமெடுத்தபோது பட்டறை ரேடியோவில் ஓடிய பாட்டு லேசாகப் பதிவாகி, அதற்குப் பாட்டின் உரிமையாளரிடமிருந்து காப்புரிமைக் கோரிக்கை வந்தது. ஒலியை மாற்ற ஒரு வாரம் போனது.

அப்புறம் ஷார்ட்ஸ், யூடியூபின் குட்டி வீடியோக்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நாலைந்து துண்டுகளை வெட்டிப் போட்டோம். ஒரு துண்டு 80 ஆயிரம் பார்வை போனது, அதிலிருந்து தொடருக்கு வந்தவர்கள் மிகக் கொஞ்சம். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் விளக்கத்திலும் கருத்திலும் போடும் இணைப்புகள் வேலை செய்யாமல் போயின. பிறகு வந்த, ஷார்ட்ஸிலிருந்து முழு வீடியோவுக்குக் கூட்டிப்போகும் ‘தொடர்புடைய வீடியோ’ வசதிதான் கொஞ்சம் கைகொடுத்தது. நீள வீடியோக்களை வைத்து விளம்பரப் பணம் வாங்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்ப்பது இந்த மணிக்கணக்கில் சேராது. ஒருவர் சராசரியாக ஆறு நிமிஷம் பார்த்தால் 40 ஆயிரம் பார்வை தேவை. பன்னிரண்டு மாதம் தாண்டிய மணிகள் கழிந்துகொண்டே வேறு வரும்.

நிலைமையை மாற்றியது ஒரு போன் அழைப்பு. படப்பிடிப்புக்குப் பட்டறை கொடுத்தவரிடம் என் எண் இருந்தது. அவரிடம் வேலை பார்க்கும் ஒரு அக்கா கூப்பிட்டார். “ஏங்கண்ணு, நைட்டுல தறி ஓட்டிக்கிட்டே பாக்கறமுங்க. சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. எழுத்துப் போட்டா படிச்சுக்குவம்ல?” என்றார்.

தறி ஓட்டுபவர்களைப் பற்றி எடுத்த தொடரைத் தறி ஓட்டும் இடத்தில் பார்ப்பார்கள் என்று நாங்கள் ஆறு மாதப் படத்தொகுப்பில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஹெட்போனில் கேட்டுக் கேட்டு ஒலி சேர்த்தோம். வெளியூர் விழாக்களுக்கு அனுப்ப வசனத்தை இங்கிலீஷில் எழுத்தாகப் போட்டோம், தமிழில் போடவில்லை. அந்த அக்கா சொன்ன பிறகு ஆறு பகுதிக்கும் தமிழ் எழுத்தைச் சேர்த்தோம். போனைத் தறிமேல் சாய்த்து வைத்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, படத்திலேயே பதித்தோம். மறுபடி ஏற்றியபோது வெள்ளி மாலை என்கிற பழக்கத்தையும் விட்டோம். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு காலை வீட்டில் இருப்பவர்களுக்காக ஞாயிறு ஒன்பது மணிக்கு வாரம் ஒன்றாக வெளியிட்டோம். அந்த அக்காவும் அவருடைய சொந்தக்காரர்களும் அதை ஸ்டேட்டஸில் வைத்தார்கள். குமாரபாளையம், சோமனூர், திருப்பூர் என்று போனது. இந்தமுறை இரண்டாம் பகுதிக்கு வந்தவர்கள் முதல் பகுதியில் பாதிக்கும் மேல். எனக்குப் பெரிய சந்தோஷம் அதுதான். ஒரு தொடருக்கு மொத்தப் பார்வையைவிட, ஒன்றைப் பார்த்தவர் அடுத்ததைத் தேடி வந்தாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 மார்ச்சில் 4,000 மணியைத் தொட்டோம். போட்ட பணம் இன்னும் திரும்பவில்லை, நண்பர்களிடம் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சித்திரையில் பட்டறை வாசலில் காடாத் துணியைக் கட்டி ஆறு பகுதியையும் ஒரே ராத்திரியில் போட்டோம். அறுபது எழுபது பேர் கடைசிவரை இருந்தார்கள். மூன்றாம் பகுதியில் கதாநாயகி அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடும் காட்சி வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. தறியை நிறுத்தாமலே அவள் இழை முடிகிறாள். அப்படி யாரும் செய்வதில்லை, கை போய்விடும் என்று சத்தம் போட்டார்கள். முடிந்ததும் போன் செய்த அக்கா என்னிடம் வந்து, “அடுத்ததுக்கு அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்லித் தர்றன்” என்றார். இரண்டாம் பருவத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை. ஆனால் நடிக்கும் பெண் இப்போது ஞாயிறுதோறும் பள்ளிபாளையம் போய் அந்த அக்காவிடம் இழை முடியப் பழகிக்கொண்டிருக்கிறார்.