வரிசையாக மூன்று

ஆசிரியர்களுக்காக தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. 2013இல் உருவாக்கிய 'பிண்டிக்ஸ்' படிவத்தில் நம்மை நாமே மதிப்பிட வேண்டும். ஏழு தரநிலைகள், அவற்றின் கீழ் வரும் ஒவ்வொரு செயல்திறன் குறியீட்டுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. பிறகு தலைமையாசிரியர் பார்ப்பார். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து ஆளை எடைபோடாத இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மாலைக்குள் கொடுங்கள் என்றால் என்ன நடக்கும்? பெரும்பாலான படிவங்களில் மேலிருந்து கீழ்வரை 3தான்.

என் பழைய தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருப்பார். "ஜன்னலோரப் பையன் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கிறான், கவனித்தீர்களா டீச்சர்?" என்பார். மறுநாள் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துப்போனேன், அவனுக்குப் பிடிபட்டது.

தலைமையாசிரியர்களை மதிப்பிடுபவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்: இந்தப் பருவத்தில் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்தீர்கள்?