ஆறு நாளும் 1380 கோடி ஆண்டும்

இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவனும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவனும் ஒரே ஆள் என்பது எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் பலருக்கு நல்ல பொழுதுபோக்கு. "பைபிள்ல ஆதியாகமத்துல உலகத்தைப் படைக்க ஆறு நாள், உன் பேப்பர்ல பிரபஞ்சத்துக்கு வயசு 1380 கோடி வருஷம். எதுப்பா கணக்கு?" என்று சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்பார்கள்.

நான் லெமேத்ரைச் சொல்வேன். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே எழுதியவர். 1951-ல் போப்பாண்டவர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது அதை ரசிக்காதவரும் அவர்தான். அறிவியலையும் விசுவாசத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே. (கன்வென்ஷன் மேடையில், பைபிளை நாசாவே நிரூபித்துவிட்டது என்று அடித்துவிடுபவர்களைக் கேட்டால் எனக்குக் காது கூசும்.)

ஆனால் என்னை ஆட்டிப் பார்த்தது அறிவியல் இல்லை. தத்துவத் துறை நண்பன் கேட்டான்: "2004-ல கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்த ஜனங்களைக் கடல் அள்ளிக்கிட்டுப் போச்சே, அப்போ உன் சாமி எங்கே?" சபையில் கேட்டேன். 'தேவ சித்தம்' என்றார்கள். எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் பைபிளின் ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 88-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. கடவுளிடம் ஏன் என்று கேட்டவனின் வாயை அடைக்காமல், அவன் கேள்வியையே பாட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான் இப்போதும் ஜெபிக்கிறேன்.

நண்பனுக்கு இது போதவில்லையாம். சரி, டீக்கடை இருக்கவே இருக்கிறது.