ரெடிங்கில் ஃபிளாட் வாங்கியபோது சொலிசிட்டர் பிடித்த கதை

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிற நண்பர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க சொலிசிட்டர் எவ்வளவு வாங்கினார்?" என்றுதான். வீடு வாங்குவதன் சட்ட வேலைகளைப் பார்த்துத் தரும் வக்கீல்தான் சொலிசிட்டர். தொகையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. எங்களுக்கு வந்த கொட்டேஷன்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நாங்கள் ரெடிங் நகரில் வாங்கியது ஆறு மாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், லீஸ்ஹோல்டு. அதாவது நிலம் வேறொருவருடையது, லீஸ் பத்திரத்தில் உள்ள வருடங்களுக்கு மட்டும் ஃபிளாட் நமக்கு. 2025-இல் பேசி முடித்த விலை 340,000 பவுண்டு. வங்கிக் கடன், எங்கள் சேமிப்பு, கும்பகோணத்திலிருந்து மாமனார் அனுப்பிய 15,000 பவுண்டு. இந்த மூன்று வரியிலேயே சொலிசிட்டருக்கு வேலை வைக்கும் விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊரில் என்றால் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவோம், சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கைரேகை வைப்போம். இங்கே அப்படி யாரும் எங்கும் போவதில்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அந்தப் பதிவுக்கு அரசே உத்தரவாதம். அதனால் உரிமையைச் சரிபார்ப்பது பெரும்பாலும் சின்ன வேலை. லீஸில் என்ன எழுதியிருக்கிறது, சர்வீஸ் சார்ஜ் எனப்படும் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பவற்றில்தான் சிக்கல் வரும். இதைச் செய்து தருபவர் சொலிசிட்டராகவும் இருக்கலாம், இந்த வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சராகவும் இருக்கலாம். சாதாரண வீட்டுக்கு இருவரில் யாரானாலும் சரிதான். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு.

விலை ஒத்துவந்த அன்றே எஸ்டேட் ஏஜென்ட், "எங்க சொலிசிட்டரையே வெச்சுக்கோங்க, வேகமா முடியும்" என்றார். ஆள் அனுப்பினால் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டேன். கேட்டால் மறைக்க முடியாது. சொலிசிட்டரும் அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சில நூறு பவுண்டு உண்டு என்றார் ஏஜென்ட். அப்படி வருகிறவர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொலிசிட்டருக்கு அடுத்த ஃபைலை அனுப்பப் போவது ஏஜென்ட், நான் இல்லை. இந்த ஃபிளாட் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால் அவர் வாய் திறப்பாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஏஜென்ட் கொஞ்சம் முகம் சுளித்தார், அவ்வளவுதான். அவர் சொல்பவரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

இன்டர்நெட்டில் ஒரு நிறுவனம் 850 பவுண்டு என்று போட்டிருந்தது. உள்ளூர் அலுவலகம் ஒன்றில் 1,650 கேட்டார்கள். பாதி விலைதானே என்று என் கணவர் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். முழு விவரம் அனுப்பச் சொல்லி வரிவரியாகப் பார்த்தோம். லீஸ்ஹோல்டுக்குத் தனியாக 350, வங்கிக்காகச் செய்யும் வேலைக்கு 150, அன்பளிப்புப் பணம் இருப்பதால் 100, ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்ப 95, பணம் அனுப்ப 40, அடையாளச் சோதனைக்கு ஆளுக்கு 15. கூட்டினால் 1,615. உள்ளூர்க்காரரின் 1,650-இல் இவை எல்லாம் அடக்கம். 20 சதவீத வாட் இரண்டு பேருக்கும் பொது. தேடல் (search) கட்டணமும் பொதுதான்: கவுன்சில், தண்ணீர்–கழிவுநீர், சுற்றுச்சூழல் பதிவுகளில் தனித்தனியாகத் தேடுவார்கள். மிச்சமாகும் என்று நினைத்த 800 பவுண்டு, வாட்டோடு சேர்த்து 42 பவுண்டாக நின்றது. சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டுப் பரிவர்த்தனைக்கான கட்டண விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி. போட்டிருப்பார்கள், இதற்கு, அதற்கு என்று துணைக் கட்டணங்கள் இருக்கும் கடைசிப் பகுதி வரை படிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வரியில் இருந்தது. 850 பவுண்டுக்காரர் போட்ட கணக்குப்படி, கடைசியில் நின்ற விலைக்கு ஸ்டாம்ப் டியூட்டி 2,000 பவுண்டு. முதல் முறை வாங்குவோருக்கு 300,000 வரை வரி இல்லை, மீதி 40,000-க்கு 5 சதவீதம் என்ற கணக்கு. இங்கே முதல் வீடுதானா என்று அவர்கள் படிவத்தில் கேட்டிருந்தார்கள், ஆமாம் என்று டிக் செய்திருந்தோம். உள்ளூர் சொலிசிட்டரோ முதல் போனிலேயே, "உங்கள் இருவரில் யாருக்காவது உலகத்தில் எங்கேயாவது வீட்டில் பங்கு இருக்கிறதா? பரம்பரையாக வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

இருக்கிறது. அப்பா 2019-இல் காலமானபோது உயில் எதுவும் எழுதவில்லை. அவர் கட்டிய வீடு அம்மா, தம்பி, நான் என்று மூன்று பங்கு. நான் அந்த வீட்டைச் சொத்தாக நினைத்ததே இல்லை. அம்மா இருக்கும் வீடு, அவ்வளவுதான். ஆனால் இங்குள்ள சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. உலகில் எங்காவது ஒரு வீட்டில் பங்கு கைக்கு வந்திருந்தால் நாம் முதல் முறை வாங்குபவர் இல்லை. சேர்ந்து வாங்கும் தம்பதியில் ஒருவருக்கு அப்படி இருந்தாலே இருவருக்கும் சலுகை போய்விடும். 2,000 என்று நினைத்தது 7,000 ஆனது.

அதோடு தப்பித்தோம் என்பதே நிம்மதி. வெளிநாட்டுப் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் இது இரண்டாவது வீடு என்று கணக்காகி, மொத்த விலைக்கும் இன்னொரு 5 சதவீதம் சேரும். எங்களுக்கு அது 17,000. மொத்தம் 24,000 பவுண்டு. வரி ஆலோசனை தன் வேலையில் சேராது என்று சொலிசிட்டர் தெளிவாகவே சொல்லி, ஒரு வரி ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். ஊரில் மதிப்பீட்டாளரை வைத்து வீட்டுக்குச் சான்று வாங்கினோம்: 75 லட்சம். என் பங்கு 25 லட்சம், அதாவது 22,000 பவுண்டுக்கும் கீழே. கூடுதல் வரி இல்லை. சென்னையில் நல்ல இடத்தில் பங்கு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். தெரியாமல் சலுகை வாங்கிவிட்டால் வரித்துறை பின்னால் வட்டியோடு கேட்கும், அபராதமும் போடலாம்.

அந்த முதல் போனில் நான் கேட்டவையும் உண்டு. என் ஃபைலை நீங்களே பார்ப்பீர்களா, வேறு யாரிடமாவது போகுமா? நீங்கள் விடுமுறையில் போனால் யார்? எங்கள் வங்கியின் பேனலில், அதாவது அது ஏற்கும் வக்கீல்கள் பட்டியலில், இருக்கிறீர்களா? பேனலில் இல்லாவிட்டால் வங்கிக்காகத் தனியாக ஒரு வக்கீல் வைத்து அதற்கும் நாம்தான் கட்ட வேண்டும். ஆறு மாடிக் கட்டடம், எடுப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தில் 11 மீட்டரோ அதற்கு மேலோ உயரமான கட்டடங்களுக்குத் தனிச் சான்றிதழ்கள் வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில அலுவலகங்கள் அப்படிப்பட்ட ஃபிளாட்களைத் தொடுவதில்லை. ஏஜென்ட் சொன்ன அலுவலகமும் அதில் ஒன்று என்பது பிறகு தெரிந்து சிரித்தோம். எங்களுடையவர், "புதன்கிழமை பிற்பகல் மட்டும் போன் எடுக்க மாட்டேன், அது லீஸ் படிக்கிற நேரம்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

படிக்கவும் செய்தார். லீஸ் 2008-இலிருந்து 99 வருடம், மிச்சம் 82. 80-க்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு ஏறிவிடும். முன்பெல்லாம் வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் நீட்டிப்பு கேட்க முடியும், அதற்குள் 80-ஐத் தொட்டிருப்போம். அந்தக் காத்திருப்பு விதி 2025 ஜனவரி 31-ஆம் தேதியோடு போய்விட்டது என்றார். அவர் எழுதிய குறிப்பைக் காட்டி 10,000 பவுண்டு குறைக்கக் கேட்டோம். விற்பவர் பாதிக்குச் சம்மதித்தார். மேலே சொன்ன 340,000 அப்படி வந்ததுதான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது எங்கள் வீட்டில் பெரிய கூத்து. "ஏம்மா, நான் என் பிள்ளைக்குக் குடுக்கிற பணத்துக்கு அங்க இருக்கிற வக்கீல் எதுக்கு என் பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கறார்? என்னைத் திருடன்னு நினைச்சாரா?" என்று மாமனார் கோபித்துக்கொண்டார். பணமோசடித் தடுப்புச் சட்டம் மாமா, எல்லாரிடமும் கேட்பார்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். பிக்சட் டெபாசிட் முடித்த ரசீது, பாஸ்போர்ட் நகல், இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பங்கும் கோர மாட்டேன் என்ற கடிதம், எல்லாம் போனது. அவருடையது வங்கிப் பணம் என்பதால் சுலபமாக முடிந்தது. சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம் என்றால் காகிதம் காட்டுவது கஷ்டம். சில அலுவலகங்கள் வெளிநாட்டுப் பணம் என்றாலே ஏற்பதில்லை. அதனால் ஃபைல் திறக்கக் காசு கட்டும் முன்பே இதைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

விற்பவர்கள் ஆள் கிடைக்கும் வரை காத்திருக்காமல், விளம்பரம் போடும்போதே சொலிசிட்டரை வைத்துவிடுவது நல்லது. எங்கள் விற்பனையாளர் அப்படிச் செய்யவில்லை. மேனேஜ்மென்ட் நிறுவனத்திடமிருந்து சர்வீஸ் சார்ஜ் விவரங்கள் வரவே வாரக்கணக்கில் ஆயிற்று. எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் கைமாறி உறுதியாவது, நடக்கும்வரை இரு தரப்பும் நஷ்டஈடு இல்லாமல் விலகலாம் என்பதால் அந்த வாரங்களில் தூக்கம் வரவில்லை.

10 சதவீத டெபாசிட் அனுப்பும் முன் முதலில் ஒரு பவுண்டு மட்டும் அனுப்பி, அலுவலகத்துக்குப் போன் செய்து வந்ததா என்று கேட்டோம். கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் அது தாங்கள் அனுப்பியதல்ல என்று அவர்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். மெயிலை ஹேக் செய்து இந்த நேரத்தில் பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிவிடும் கும்பல்கள் இங்கே உண்டு. சாவி வாங்கியபின் 14 நாளுக்குள் வரிப் படிவம் போக வேண்டும், அது போனது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பெயர் மாற மாதங்கள் ஆகின. லீஸ் நீட்டிப்பையும் அவரிடமே கொடுத்திருக்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம்.