பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நாலுமணிப்பூ

பேரப்பிள்ளைகளோடு பூக்கண்டு வைக்கிறவர்கள் பூவின் நிறத்தைப் பார்க்கமுதல், பிள்ளை முற்றத்தில் நிற்கிற நேரத்தைப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி மத்தியானம் 1.30க்கு விடுகிறது. பத்துமணிப்பூ வெயிலோடு விரிந்து பின்னேரத்துக்குள் சுருங்கிவிடும். அது வீட்டில் நிற்கிற சின்னவர்களுக்கும் சனி ஞாயிறுக்கும்தான் சரி. மற்ற நாட்களுக்குப் பின்னேரம் விரிகிற நாலுமணிப்பூ.

வன்னியில் மாரி ஓய்ந்து, தை கடைசியிலோ மாசியிலோ விதை போட்டால் சித்திரை விடுமுறைக்குப் பூ கிடைக்கும். விதையை இரவு முழுக்கத் தண்ணியில் ஊறவையுங்கள். எங்கள் செம்மண் காய்ந்தால் இறுகி, முளையை மேலே வரவிடாது. இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ஒரு பங்கு உக்கின மாட்டெரு கலக்கவேண்டும். ஆழம் 1 சென்ரிமீற்றர் போதும். பிள்ளைகள் விரல் முழுவதையும் விட்டு அமத்துவார்கள். அப்படிப் போன விதை முளைக்கப் பிந்தும், சிலவேளை முளைக்கவே முளைக்காது. கண்டுக்குக் கண்டு ஒன்றரை அடி இடைவெளி. கோழி கிளறாமல் முள்ளுக்கிளை போட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் முளை தெரியும்.

வாளியைப் பிள்ளையிடம் கொடுத்தால் மண்ணோடு விதையும் அள்ளுப்படும். வெறும் தண்ணிப் போத்தலின் மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். நாலு வயதுப் பிள்ளையும் பதமாக ஊத்தும்.

பத்துமணிப்பூவுக்கு விதை தேவையில்லை. விரல் நீளத் தண்டை நறுக்கி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு நட்டால் வேர்விடும். தினமும் தண்ணி ஊத்தினால் அழுகும். மப்பு நாளில் பூ விரியாது. அதைப் பிள்ளைக்கு முதலே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான்.

பூவைப் பறிக்காதே என்று தயவுசெய்து கத்தவேண்டாம். அது விடிய வாடப்போகிற பூ. நாலுமணிப்பூவின் நீளக் காம்பை நூல் இல்லாமலே பின்னலாம். அந்தப் பின்னலைத் தலையில் வைத்துக்கொண்டு பேத்தி முற்றத்தைச் சுற்றுகிற சந்தோசத்துக்குத்தானே இவ்வளவு பாடும்!

ஒரு பூவுக்கு ஒரு விதை. கறுத்து, மிளகு மாதிரி இருக்கும், ஆனால் நஞ்சு, கிழங்கும் அப்படித்தான். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருந்தால் உதிர்ந்த விதையைத் தினமும் பொறுக்கிவிடவேண்டும். வேலியில் தானாகப் படருகிற கார்த்திகைப்பூவில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். அதில் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது. அதைக் காட்டலாம், கிண்ட விடக்கூடாது.

சோளகக் காற்றில் நாலுமணிச்செடி காய்ந்துபோனால் பிடுங்காமல், நிலத்தோடு வெட்டிவிடுங்கள். கிழங்கு உயிரோடு இருந்தால் ஐப்பசி மழைக்குத் திரும்பத் தளிர்க்கும்.