புறா அமத்தின பட்டன்

மாசியில் மாஸ்டர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. பெயரைப் போட்டபோது எங்கட வகுப்புக் குழுவில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடவில்லை. 'புறா மாஸ்டர்' என்று ஒருவன் எழுதின பிறகுதான் கூப்பின கைகள் குவிந்தன. அந்தப் பட்டம் நான் வைத்தது.

1979 ஆக இருக்கவேண்டும். மேல்மாடி, இடைவேளைக்குப் பிந்தின புவியியல் பாடம். விமானம் வருவதற்கு முன்னரே மேலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள் என்று தொடங்கினார். 1858இல் பாரிசுக்குப் பக்கத்தில் நடார் என்பவர் பலூனில் ஏறினதுவரை பொறுத்துக்கொண்டோம். பிறகு, ஜேர்மனியில் ஒரு மருந்துக்கடைக்காரர் புறாவின் நெஞ்சில் கமரா கட்டிப் பறக்கவிட்டார் என்றார். நான் எழும்பினேன்.

"சேர், புறா எந்தக் காலால பட்டனை அமத்தும்?"

வகுப்பே வாங்கில் தட்டிச் சிரித்தது. மாஸ்டர் அடிக்கவில்லை. கையில் இருந்த வெண்கட்டியைக் கொஞ்சநேரம் உருட்டினார். "அது எனக்குத் தெரியாது. பாத்துச் சொல்லுறன்." அதற்குப் பிறகு அவர் விறாந்தையில் வந்தால் எங்கிருந்தோ ஒரு 'குர்ர்' கேட்கும்.

84இல் இங்கே வந்தேன். பிராங்பேர்ட்டில் நான் நாளாந்தம் ஏறும் எஸ்4 ரயில் கடைசியாகப் போய் நிற்கும் இடம் குரோன்பேர்க். அந்த மருந்துக்கடைக்காரர் யூலியுஸ் நொய்ப்ரோனரின் ஊர் அதுதான். எனக்கு அது தெரியாது.

2003இல் ஊருக்குப் போய்வந்த நண்பனிடம் மாஸ்டர் சொல்லிவிட்டிருந்தார்: "அவன் ஜேர்மனியிலதானே, புறா எப்பிடி அமத்தினதெண்டு கேட்டு எழுதச் சொல்லு." பொம்பர் பறந்த ஆகாயத்துக்குக் கீழே 24 வருடம் அந்தக் கேள்வியை வைத்திருந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டு இரவு வேலைக்குப் போனேன்.

தேடிப் பார்க்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. காற்றுத்தான், சேர். பறக்கவிட முன் சின்ன உருளை ஒன்றில் காற்றை அடைத்துவிடுவார்கள். அது மெல்லக் கசியக் கசிய உள்ளே இருக்கும் தண்டு நகர்ந்து ஷட்டரைத் தட்டிவிடும். புறாவுக்கு வீட்டுக்குப் போகிற வேலை மட்டும்தான். கமரா 75 கிராமுக்கு மேல் போகாது. அவசர மருந்தென்று நொய்ப்ரோனரின் புறாக்கள் முன்னமே சுமந்து பழகின நிறை அது. காப்புரிமை கேட்டபோது ஜேர்மன் அலுவலகமும் முதலில் நம்பவில்லை. படங்களைக் கண்ட பிறகு, 1908 கடைசியில்தான் கொடுத்தது.

அதில் ஒரு படம்: குரோன்பேர்க் மாளிகை, சுற்றிவர மரங்கள், இரண்டு ஓரத்திலும் மங்கலாகப் புறாவின் செட்டை. நேற்று அதைக் குழுவில் போட்டேன்.

மூன்று பேர் 'குர்ர்' என்று எழுதினார்கள்.