வரைந்த பிறகுதான் ஓட்டுவேன்

1 செப்டம்பர் 2025, திங்கள்

வரும் ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம். எட்டாம் வகுப்பில் வானியல் பாடம் இன்னும் தொடங்கவில்லை. பாடம் காத்திருக்கும், கிரகணம் காத்திருக்காது. இந்த வாரம் கடைசிப் பீரியடுகளை இதற்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன்.

போன வருடம் இதே பகுதிக்கு ஒரு அனிமேஷன் வீடியோ போட்டேன். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்!" தேர்வில் பாதிப் பேர் பிறையையும் கிரகணத்தையும் ஒன்றாக்கி எழுதியிருந்தார்கள். அந்த விடைத்தாள்கள் இன்னும் மனதில் உறுத்துகின்றன. வீடியோவில் தப்பில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

இன்று முதலில் கேட்டேன். பிளிக்கர்ஸ் செயலிக்கான அட்டைகளைப் பிரிண்ட் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, 31 பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு எண், கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு உருவம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். என் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் எந்த விடை என்று திரையில் வந்துவிடும். பிள்ளைகள் கையில் போன் தேவையில்லை. அட்டைகள் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்கவும் முடியாது.

கேள்வி: நிலா தேய்ந்து பிறையாவது ஏன்? 22 பேர் தூக்கிய விடை, "பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால்." எப்போதும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வாயால் கேட்டிருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

2 செப்டம்பர், செவ்வாய்

ஹைடெக் லேப். ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. பழைய பேனர் துணியைத் திருப்பிக் கட்டி இருட்டாக்கினோம். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியத்தை வீட்டிலேயே லேப்டாப்பில் ஏற்றி, எங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து வைத்திருந்தேன். இலவச மென்பொருள், இன்டர்நெட் இல்லாமலே ஓடும். எங்களைப் போன்ற பள்ளிக்கு அது பெரிய விஷயம்.

ஓட்டும் முன் நோட்டை எடுக்கச் சொன்னேன். "இன்னைக்கு நாலேகாலுக்குச் சூரியன் எங்க? நிலா எங்க? நம்ம பூமியோட நிழல் எந்தப் பக்கம் விழும்? வரைஞ்ச பிறகுதான் ஓட்டுவேன்." ஐந்து நிமிடம் பென்சில் சத்தம் மட்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் போன வருடம் விட்டுவிட்டேன். தானாக ஒன்றை வரைந்தவன் திரையைப் பார்க்கும் பார்வையே வேறு. தன் படம் சரியா என்று தேடுகிறான்.

திரையில் மேற்கே சூரியன், தென்கிழக்கே முக்கால் நிலா. இரண்டும் ஒரே நேரத்தில் வானத்தில். பகலில் நிலா தெரியும் என்பதையே சிலர் நம்பவில்லை. லேபைப் பூட்டிவிட்டு எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துப் புளியமரத்துக்கு மேலே வெளிறிப்போய் இருந்தது நிலா.

14-ஆம் அட்டைக்காரி சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தன் நிழல் மண்ணில் கிழக்கே நீண்டு கிடப்பதைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நிலாவைப் பார்த்தாள். "டீச்சர், நிழல் கீழதானே போகுது? நிலா மேல இருக்கே. அப்புறம் எப்படி அதுமேல விழும்?"

நான் பதில் சொல்லவில்லை. 22 பேரில் ஒருத்தி அவள்.

3 செப்டம்பர், புதன்

கரண்ட் இல்லை. ஆளுக்கொரு களிமண் உருண்டையைப் பென்சில் முனையில் குத்திக்கொண்டு வெயிலுக்குப் போனோம். நிலா இருக்கும் திசையில் உருண்டையை நீட்டிப் பிடித்தால், நிலாவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ உருண்டையிலும் அதே பக்கம்தான். வெளிச்சம் பட்ட பாதியில் நம் பக்கம் திரும்பிய பங்குதான் பிறை என்று நான் சொல்வதற்குள் நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள்.

4 செப்டம்பர், வியாழன்

பௌர்ணமிதோறும் கிரகணம் ஏன் வருவதில்லை? பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஸ்டெல்லேரியத்தில் மாதாமாதம் பௌர்ணமிக்குத் தாவிக் காட்டினேன். நிலா பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போவதைப் பார்த்தார்கள். இது திரையில் மட்டுமே முடியும். வானத்தில் பார்ப்பதென்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

9-ஆம் அட்டைப் பையன் மெதுவாக வந்தான். "எங்க ஆயா கிரகணத்தப்ப வெளிய விடமாட்டாங்க டீச்சர்." ஆயாவிடம் எதிர்த்துப் பேசாதே, சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று டீச்சர் சொன்னதாக மட்டும் சொல் என்றேன். நாளை விடுமுறை.

7 செப்டம்பர், ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

9:57-க்கு நிழல் தொட்டது. சரியாக அப்போது மேகம். பத்தரைக்கு விலகியது. போனில் எடுத்தால் நிலா வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டாகத்தான் விழும். நிலாவின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் நிழலின் வளைவு தெரிகிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைக் குரல் பதிவாகப் போட்டேன். 11:01-லிருந்து செப்புக் குடம் மாதிரி சிவந்து நின்றது, 82 நிமிடம். நம் காற்று மண்டலத்தில் வளைந்து போன சூரிய வெளிச்சம்தான் அந்தச் சிவப்பு.

9-ஆம் அட்டைப் பையனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வாசல் கூரை ஓரம், நிலா, கீழே ஆயாவின் பின்தலை. ஆயாவும் பார்த்தாராம்!

9 செப்டம்பர், செவ்வாய்

பிள்ளைகள் எடுத்த படங்களில் தெளிவானவை நான்கு. அவற்றை ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஏற்றினோம். நிலாவின் விளிம்பில் மூன்று புள்ளி வைத்தால் நிலாவின் வட்டம் வந்துவிடும். நிழலின் வளைவில் மூன்று புள்ளி வைத்தால் பூமி நிழலின் வட்டம். ஆரங்களை வகுத்தால் நிழல் நிலாவைப்போல் எத்தனை மடங்கு என்று தெரியும்.

ஒரு குழுவுக்கு 2.4, இன்னொன்றுக்கு 3.1, மற்ற இரண்டுக்கும் 2.6, 2.8. நிழலின் ஓரம் மங்கலாக இருப்பதால் புள்ளி எங்கே வைப்பது என்று சண்டை. நல்ல சண்டை. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் இந்த நிழலை இரண்டு நிலா அகலம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார் என்று சொன்னதும் 2.4 குழுவுக்கு முகம் மலர்ந்தது.

நிழல் போகப் போகக் குறுகும். நிலா இருக்கும் தூரத்துக்குப் போவதற்குள் ஏறக்குறைய ஒரு நிலா அகலம் குறைந்துவிடுகிறது. அதைத் திருப்பிக் கூட்டினால் பூமி கிடைக்கும். நான்கு விடைகளின் சராசரி 2.7 சொச்சம், கூட்ட 1, ஆக 3.7. புத்தகத்தில் பூமியின் விட்டம் 12,742 கி.மீ., நிலாவுடையது 3,474. கரும்பலகையில் 14-ஆம் அட்டைக்காரியே வகுத்தாள். 3.67 என்று எழுதிவிட்டுச் சாக்பீஸை வைக்காமல் அப்படியே நின்றாள்.

12 செப்டம்பர், வெள்ளி

அதே பிறைக் கேள்வி, அதே அட்டைகள். நிழல் என்றவர்கள் 5 பேர். அந்த ஐவரும் யார் என்று போன் சொல்கிறது. அவர்களில் மூவர் புதன்கிழமை பள்ளிக்கு வராதவர்கள். திங்களன்று அவர்களை உருண்டையோடு வெயிலுக்கு அழைத்துப் போக வேண்டும்.

மணி அடிக்கும் நேரத்தில் 9-ஆம் அட்டைப் பையன் கேட்டான். "அன்னைக்கு ராத்திரி நிலாவுல ஒருத்தர் நின்னிருந்தா அவருக்கு என்ன டீச்சர் தெரிஞ்சிருக்கும்?"

ஸ்டெல்லேரியத்தில் நிற்கும் இடத்தை நிலாவுக்கு மாற்றலாம். லேப்டாப் மேசைமேல் திறந்தேதான் இருந்தது. நோட்டை எடுங்கள் என்றேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, வரைந்துகொண்டிருந்தார்கள்.