தீபாவளிக்கு ஐந்து நாள், கையில் ஒரு பெட்டிகூட இல்லை

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம் ராமநாதபுரத்தில் இனிப்புக்குச் சொல்லி வைத்திருந்த கடையிலிருந்து போன் வந்தது. பதினாறு பெட்டிக்கு இருபது நாள் முன்பே பாதிப் பணம் கட்டியிருந்தோம். பெரிய ஆர்டர் ஒன்று வந்துவிட்டதாம், எங்களுடையதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் தர முடியுமாம். பதினாறில் பதினான்கு பேர் வெளியூர். ஞாயிறு ராத்திரி பெட்டி கைக்கு வந்து என்ன பிரயோஜனம்? முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன், மறுநாள் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கருவாட்டு மொத்த வியாபாரம். நெத்திலி, சூடை, வாளை, கட்டா, திருக்கை என்று வாங்கித் தரம் பிரித்து மூட்டை போட்டு மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், கொல்லம் வரை அனுப்புகிறோம். மூன்றாம் தரச் சரக்கு கோழித்தீவனத்துக்காக நாமக்கல் போகும். வீட்டுக்காரர் சரக்கைப் பார்ப்பார். கணக்கும் வியாபாரிகளிடம் பேசுவதும் என் பொறுப்பு.

இந்தத் தொழிலில் பாதி வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கிட்டங்கியில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். வாடகையும் வட்டியும் அதற்காக நிற்பதில்லை. அந்த நாட்களில் "சரக்கு வந்ததும் அனுப்பும்மா" என்று முன்பணம் போட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். மழையில் நனைந்து போன லோடுக்கு, விலையைக் குறைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு என் பெட்டி வரவில்லை என்று இவர்களில் ஒருவர்கூடக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் எனக்கு அனுப்பாமல் விட மனது வரவில்லை.

முதலில் போனில்தான் தேடினேன். உலர்பழப் பெட்டி, வெள்ளி முலாம் விளக்கு என்று அழகாக நிறைய இருந்தன. ஆனால் எங்கள் ஆட்களின் ஊர்களைப் போட்டால், பண்டிகை முடிந்து 22, 23 தேதிக்குத்தான் வந்து சேரும் என்று காட்டியது. வீட்டுக்காரர், "பேசாம ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கவர்ல போட்டு அனுப்பிரலாமா?" என்றார். வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்றால் சரி. நமக்கு முன்பணம் கொடுக்கிற மனிதருக்குப் பணத்தையே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ராமேஸ்வரத்தில் சிப்பி விளக்கு வாங்கலாமா என்றும் யோசித்தோம். பார்சலில் உடையும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பவளமும் பலவகைச் சங்குகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. எது வாங்கலாம், எது கூடாது என்று கடைக்காரரிடம் நின்று விசாரிக்க நேரமில்லை. மன்னார் வளைகுடாவை நம்பிப் பிழைக்கிற நாமே அதைத் தெரியாமல் வாங்கி அனுப்பிவிடக் கூடாது.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பற்று வரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமாகப் பதினாறு பேருக்கும் ஒரே பெட்டியை அனுப்பிக்கொண்டிருந்தது உறைத்தது.

கொல்லத்தில் இரண்டு பேர். இருவருமே கிறிஸ்தவர்கள். அங்கே தீபாவளி நம் ஊர் அளவுக்குப் பெரிய பண்டிகையும் இல்லை. அவர்களை டிசம்பருக்குத் தள்ளினேன், அப்போது நிதானமாகச் செய்யலாம். நாமக்கல் தீவனக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர் ஒருவர். அவர் முதலாளி இல்லை, சம்பளக்காரர். அவருக்கு மறுநாள் காலையிலேயே போன் போட்டுக் கேட்டேன். கம்பெனியில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாதென்று கண்டிப்பாம். "கேட்டுட்டு அனுப்பறது நல்லதுங்க, வந்த பிறகு திருப்பி அனுப்பினா உங்களுக்கும் சங்கடம்" என்றார். வாழ்த்துக் கடிதம் மட்டும் போதும் என்று முடிவு. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எவருக்கும் முதலில் கேட்காமல் அனுப்பாதீர்கள். அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் எப்போதுமே அனுப்புவதில்லை, அது அவர்களுக்கு வம்பு.

மீதி பதின்மூன்று பேர். அதில் மதுரை அண்ணாச்சி பெயரில் வந்து நின்றுவிட்டேன்.

அந்த வருடம் மே மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் திண்டாடியபோது, கேட்காமலே இரண்டு லட்சம் அனுப்பியவர் அவர். மூன்று வருடத்துக்கு முன்பு ஏதோ பேச்சில், "டாக்டர் இனிப்பை அறவே நிறுத்தச் சொல்லிட்டாரும்மா" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தீபாவளிக்கு ஒரு கிலோ நெய் இனிப்பை அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவரும் "கிடைச்சதும்மா, சந்தோசம்" என்று போன் செய்திருக்கிறார். அந்த ராத்திரி எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

சரி, நம்மைச் சுற்றி என்ன கிடைக்கிறது என்று பார்த்தோம். கீழக்கரையில் கிண்டுகிற தொதல் என்கிற இனிப்பு, சாயல்குடி கருப்பட்டி, பனை ஓலைப் பெட்டி. எல்லாமே ராமநாதபுரம் தாண்டிப் போகிற ஒரே சாலையில். இதற்கு ஏன் இத்தனை வருடம் நெய் இனிப்புக் கடையைத் தேடி ஓடினோம் என்று வீட்டுக்காரர் கேட்டார். தினம் பார்க்கிற பொருள் பரிசாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மதுரைக்காரருக்கு நெய் இனிப்பு புதிதில்லை, அவர் தெருமுனையிலேயே கிடைக்கும். நல்ல தொதலுக்கு அவர் கீழக்கரைக்குத்தான் வர வேண்டும்.

கீழக்கரையில் எங்களிடம் சரக்கெடுக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவருக்கே போன் செய்தேன். வீட்டில் தொதல் கிண்டிக் கொடுக்கிற அக்கா ஒருவரைச் சொல்லி, அவரே பேசியும் விட்டார். மறுநாள் எப்படியும் அடுப்பேற்றுவதாக இருந்ததால் பதினோரு அரைக்கிலோ சேர்த்துச் செய்ய ஒத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத கடையில் போய் நின்றிருந்தால் அந்த வாரத்தில் இது நடந்திருக்காது.

வியாழக்கிழமை மழையோடு கிளம்பினோம். நேராக சாயல்குடி போய்விட்டுத் திரும்பும்போது கீழக்கரை என்று திட்டம். கருப்பட்டிக்கு ஐப்பசி மோசமான நேரம். பதநீர் இறங்குவது கோடையில், அப்போது காய்ச்சியதைத்தான் இப்போது விற்பார்கள். மழை ஈரம் பட்டால் கருப்பட்டி கசியும். முதல் கடையில் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், மேலே பளபளவென்று இருந்தது. அத்தை சொல்லி அனுப்பியது போல ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னேன். உடைந்த இடத்தில் சீனி மாதிரி மணிமணியாக மின்னியது. வாயில் போட்டால் வெறும் தித்திப்பு, பதநீர்க் காட்டம் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டோம். இரண்டாவது இடம் கடையே இல்லை, பனையேறுகிறவர் வீடு. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகை படுகிற மாதிரி ஓலைக்குள் வைத்திருந்தார்கள். கறுப்பாக, கோணல்மாணலாக, லேசாகப் புகைவாடையோடு இருந்தது. நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு கிலோ வாங்கினோம். பக்கத்து வீட்டிலேயே ஓலைப் பெட்டி முடைகிறார்கள். மூடி போட்டது, ஓரத்தில் சிவப்புச் சாயம் கொடுத்தது. பன்னிரண்டு பெட்டி அப்படியே கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

திரும்பும்போது கீழக்கரையில் தொதல் இன்னும் அடுப்பில்தான் இருந்தது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. கை விடாமல் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வருகிறவரை அந்த அக்காவும் அவர் மகளும் மாறிமாறிக் கிண்டினார்கள். நான் வாங்கிக் கிண்டிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் தோள் வலித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அரைக்கிலோவுக்கு அவர்கள் சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு, செய்த தேதியையும் சாப்பிட்டு முடிக்க வேண்டிய தேதியையும் ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சிக்கு என்ன? கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று பலர் சொல்கிறார்கள். அதுவும் இனிப்புதானே, அந்தப் பேச்சை நம்பி அவருக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. குண்டு மிளகாய் என்று முடிவு செய்தேன். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, மினுமினுப்பாக இருக்கும். அவர் வீட்டு அக்கா ஒருமுறை எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு "இது என்ன மிளகாய்?" என்று கேட்டது நினைவில் இருந்தது. ஆனால் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"தீபாவளிக்கு யாராச்சும் மிளகாயைக் குடுப்பாகளா தாயி? உப்பும் மிளகாயும் கைமாத்தக் கூடாது."

அத்தை சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பெட்டியைத் திறக்கிற வீட்டில் இருக்கலாம். கடைசியில் அத்தையே வழி சொன்னார்கள். பெட்டியின் அடியில் மிளகாய், அதன்மேல் விரலி மஞ்சள், வறுத்த முந்திரி, எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலை பாக்கு. கையில் கொடுக்காமல் பூஜை அறையிலோ மேசையிலோ வைத்துவிட்டு வர வேண்டும். அப்படியே செய்தோம்.

வெள்ளிக்கிழமை கட்டுகிற வேலை. கருவாட்டு வியாபாரிக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. கிட்டங்கியில் ஒரு மணி நேரம் வைத்தாலே ஓலை வாடையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எதைச் செய்தாலும் போகாது. எங்கள் வண்டியில் எப்போதும் மூட்டை ஏறுவதால் வியாழக்கிழமை பயணத்துக்கே மச்சான் காரைக் கடன் வாங்கியிருந்தோம். வீட்டு மாடியில் பாய் விரித்து, குளித்துவிட்டு வந்துதான் பெட்டியைத் தொட்டோம். வழக்கமாகச் சரக்கு ஏற்றுகிற லாரியில் போட முடியாது, மூட்டைக்கு நடுவில் இதுவும் கிடக்கும். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் போக வேண்டிய நான்கு பெட்டியை ராமநாதபுரத்தில் ஒரு பார்சல் சர்வீஸில் போட்டோம். மதுரைக்கு ஐந்து. அதைச் சனிக்கிழமை காலை ரயிலில் வீட்டுக்காரர் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது கடிதம்தான். வழக்கமான "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" அட்டையை வைக்க மனமில்லை. ஆளுக்கு நான்கு வரி, அந்த வருடம் அவர் எங்களுக்குச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லி எழுதினேன். "ஆடி மாசம் நனைந்து வந்த 22 மூட்டையை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை, அதை நாங்கள் மறக்கவில்லை." இந்த மாதிரி. இரண்டு பேருக்கு எழுத எதுவுமே தோன்றவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை. அதையே எழுதினேன்.

கீழக்கரை பாய்க்குத் தொதல் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அவர் வீட்டுக்கு அத்தை சுட்ட அதிரசமும் கைமுறுக்கும் ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோனோம். ரம்ஜானுக்கு அவர் வீட்டுப் பாத்திரம் நிறைந்து இங்கே வரும், அதே பாத்திரத்தைத்தான் நிறைத்துக் கொண்டுபோனேன். உள்ளூர்க்காரர் இருவருக்கும், ராமநாதபுரம் ஆடிட்டருக்கும் ஒவ்வொரு ஓலைப் பெட்டி. ஆடிட்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு, பரிசாகக் கொடுக்கிற பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துவிடாதீர்கள் என்று ஞாபகப்படுத்தினார். ஒரே ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் வரிப்பிடித்தம் பற்றியும் யோசிக்க வேண்டுமாம். எங்கள் பெட்டி அந்தப் பக்கமே போகாது. கார் டீசல், பார்சல் கூலி எல்லாம் சேர்த்தும், இனிப்புக் கடைக்குக் கொடுக்க இருந்ததைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகத்தான் ஆனது.

ஒரு தவறு நடந்தது. திண்டுக்கல் போன ஒரு பெட்டி வழியில் நனைந்து, கருப்பட்டி கசிந்து ஓலை முழுக்க ஒட்டிவிட்டது. கருப்பட்டியை ஓலையில் மட்டும் சுற்றியிருந்தேன், வெண்ணெய்த்தாள் ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சொன்னதற்கு நன்றி சொல்லி, தீபாவளி கழிந்த மறுவாரமே வேறு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மதுரையிலிருந்து போன். அண்ணாச்சி இல்லை, அந்த அக்கா. "இவுக கடிதத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாகம்மா" என்றார். "மஞ்சளை சாமிகிட்ட வச்சுட்டேன். நாளைக்குக் கறிக்குழம்பு உங்க மிளகாயிலதான்." பிறகு அண்ணாச்சி வாங்கி, இந்த வாரம் நெத்திலி வரத்து எப்படி என்று கேட்டார். வழக்கமான பேச்சுதான். வைக்கும்போது, "ஞாபகம் வச்சிருக்கியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பற்று வரவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: வீட்டில் யார் யார், என்ன ஆகாது, எந்தப் பண்டிகை. பங்குனியில் பதநீர் இறங்கியதும் சாயல்குடி போய் எட்டுக் கிலோவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஐப்பசி வரை அதே பரணிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.